வெளிநாட்டுல எந்த பேங்க்ல அக்கவுண்ட் எடுக்கலாம்? அக்கா பதில்கள்

வணக்கம். வேலைக்குப் போனவங்க, படிக்கப் போனவங்க, கல்யாணம் ஆகி போனவங்கன்னு வெளிநாட்டுல இருக்க நம்ம வாசகர்கள் பேங்க் அக்கவுண்ட் பத்தி கேட்ட கேள்வி நிறைய சேந்து போச்சு, அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். நானும் பல வருஷம் வெளிநாட்டுல சம்பளம் வாங்கி குடும்பம் நடத்தினவதான், பட்டு தெரிஞ்சுகிட்டதையும் சேத்தே சொல்றேன்.

கேள்வி: அக்கா, அடுத்த மாசம் முதல் தடவையா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறேன். எந்த பேங்க் நல்லதுன்னு கேட்டா ஆளாளுக்கு ஒரு பேர் சொல்றாங்க. பேசாம இருக்கறதுலயே பெரிய பேங்க்கா பாத்து போயிடவா?

தம்பி, பேங்க் பேரை கொஞ்சம் தள்ளி வைங்க, முதல்ல ஒரு பேப்பர் எடுத்து உங்க பணம் எங்கருந்து வரும், எங்கெல்லாம் போகும், எந்த நாட்டு காசுல போகும்னு எழுதுங்க. சம்பளம் அந்த ஊர் காசுலயா வேற காசுலயா, வாடகை எப்படி கட்டணும், ஊர்ல கடன் தவணை இருக்கா, வீட்டுக்கு மாசாமாசம் அனுப்பணுமா இல்ல வருஷத்துக்கு ரெண்டு தடவையா, இதெல்லாம் எழுதினாலே உங்களுக்கு எந்த மாதிரி அக்கவுண்ட் வேணும்னு முக்காவாசி தெரிஞ்சிடும். ஒரே ஆபீஸ்ல பக்கத்து பக்கத்து சீட்ல உக்காந்திருக்க ரெண்டு பேரை எடுத்துக்கோங்க, ஒருத்தர் சம்பளத்துல பெரும்பகுதிய ஊருக்கு அனுப்புறவர், இன்னொருத்தர் குடும்பத்தோட அங்கயே இருந்து பிள்ளைங்கள படிக்க வைக்கிறவர். முதல் ஆளுக்கு பணம் அனுப்புற செலவுதான் பெரிய விஷயம், ரெண்டாவது ஆளுக்கு வாடகை, கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் தானா கழியற வசதியும் அந்த நாட்டுல கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது கடனை ஒழுங்கா கட்டுறவர்ங்கற பதிவு, சேர்றதும்தான் பெரிய விஷயம். இவருக்கு நல்லா இருக்கற பேங்க் அவருக்கு வேஸ்ட்டா இருக்கலாம், அதனாலதான் ஆளாளுக்கு ஒரு பேர் சொல்றாங்க, யாரும் பொய் சொல்லல.

சம்பளமும் வாடகையும் அந்த நாட்டு காசுலன்னா அந்த நாட்டு லோக்கல் அக்கவுண்ட் ஒண்ணு கட்டாயம் வேணும், அதுல மாத்து கருத்தே இல்ல. அத எடுக்கும்போது மாசக் கட்டணம் இருக்கான்னு மட்டும் கேக்காதீங்க, "சம்பளம் வர்ற வரைக்கும் கட்டணம் இல்ல"ன்னு சொல்வாங்க, "சம்பளம் நின்னா என்ன ஆகும்?"னு திருப்பி கேளுங்க. வேலை மாறுற ரெண்டு மாச இடைவெளியிலதான் மினிமம் பேலன்ஸ் ஃபைன் எல்லாம் வந்து விழும், அந்த நேரத்துல கையில காசும் இருக்காது.

இன்னொண்ணு, சில பெரிய பேங்குங்க வெளிநாட்டுல வாழறவங்களுக்குன்னே "எக்ஸ்பாட் அக்கவுண்ட்"னு தனியா விப்பாங்க, ஜெர்சி, குர்ன்சி, ஐல் ஆஃப் மேன் மாதிரி தீவுகள்ல இருக்கும், பவுண்டு டாலர் யூரோ மூணும் ஒரே இடத்துல வச்சுக்கலாம். அதுக்கு பெரிய தொகை பேலன்ஸோ பெரிய சம்பளமோ கேப்பாங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு நாடுன்னு மாறிகிட்டே இருக்கறவங்களுக்கு அது சரி, உங்கள மாதிரி முதல் வேலைக்குப் போறவங்களுக்கு இப்போ தேவையே இல்ல.

கேள்வி: வந்து மூணு வாரம் ஆச்சு. வீடு கேட்டா பேங்க் அக்கவுண்ட் இருக்கான்னு கேக்குறாங்க, பேங்குக்குப் போனா வீட்டு அட்ரஸ் ப்ரூஃப் கேக்குறாங்க. சம்பளம் வர இன்னும் பத்து நாள்தான் இருக்கு. ஃப்ரெண்டோட அக்கவுண்ட்ல சம்பளத்தை போடச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். அடுத்தவங்க அக்கவுண்ட்ல உங்க சம்பளம் போனா அது அவரோட வருமானமா உங்களோடதான்னு நாளைக்கு டாக்ஸ்காரங்களுக்கு அவர் பதில் சொல்லணும், பேங்கும் "யாரோட பணம் இது"ன்னு அக்கவுண்டை நிறுத்தி வைக்கலாம், உதவி பண்ணப் போன நல்ல மனுஷன் மாட்டிப்பார்.

இந்த சுத்துல சிக்காத ஆளே கிடையாது, அதனால பதறாதீங்க. ஆபீஸ் ஹெச்.ஆர்.கிட்ட உங்க பேரு, பாஸ்போர்ட் நம்பர், வேலை, சம்பளம், இப்போ தங்கியிருக்க அட்ரஸ் எல்லாம் போட்டு லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்குங்க, பல பேங்குல அதுவே ஓடும், படிக்கப் போனவங்கன்னா யுனிவர்சிட்டி கடிதம். ஹெச்.ஆர்.கிட்டயே "நம்ம கம்பெனி ஆளுங்க எந்த பிராஞ்ச்ல அக்கவுண்ட் எடுத்தாங்க"ன்னும் கேட்டு அதே பிராஞ்சுக்கு போங்க, ஒரே பேங்க்ல ஒரு பிராஞ்ச்ல முடியாதுன்னு சொன்னது இன்னொரு பிராஞ்ச்ல அரை மணி நேரத்துல முடிஞ்சத நானே பாத்திருக்கேன், வெளிநாட்டு பாஸ்போர்ட்டை தினம் பாக்குற ஆளுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பாக்குற ஆளுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

நீங்க இருக்கறது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளன்னா உங்க பக்கம் சட்டமே இருக்கு. 2014-ல வந்த விதிப்படி அங்க சட்டப்படி தங்கியிருக்க யாருக்கும் அடிப்படை அக்கவுண்ட் ஒண்ணு கேக்க உரிமை உண்டு, நிரந்தர அட்ரஸ் இல்லாதவங்களுக்கும் உண்டு, பேப்பர் எல்லாம் முழுசா குடுத்து 10 வேலை நாளுக்குள்ள பேங்க் திறந்து குடுக்கணும் இல்ல ஏன் முடியாதுன்னு சொல்லணும். கவுன்டர்ல இருக்கறவங்களுக்கே இது சில சமயம் தெரியாது, நீங்க "பேசிக் பேமென்ட் அக்கவுண்ட்"னு பேர் சொல்லி கேளுங்க.

அந்த பத்து நாளைக்கு வேற வழியே இல்லன்னா பல நாட்டு காசு வச்சுக்கற ஆப் அக்கவுண்ட் ஒண்ணு எடுத்து அதோட நம்பரை ஆபீஸ்ல குடுங்க. யூரோ சம்பளம்னா ஒன்றியத்துக்குள்ளயே இன்னொரு நாட்டு ஐபான் (நாட்டு எழுத்தோட ஆரம்பிக்கிற அக்கவுண்ட் நம்பர்) ஆ இருக்குன்னு சொல்லி யாரும் மறுக்கக் கூடாது, 2012-லேருந்தே அதுக்கு விதி இருக்கு. ஆனா ஆப் அக்கவுண்டே போதும்னு இருந்துடாதீங்க, ஏன்னு கீழ இன்னொரு கேள்வியில சொல்றேன்.

கேள்வி: என் பேங்க் "கமிஷன் ஜீரோ"ன்னு சொல்லுது, ஆனா வீட்டுல எண்ணிப் பாத்தா எப்பவும் குறையுது. போன மாசம் அனுப்பினது இன்னும் குறைஞ்சு போய் சேந்திருக்கு. யார் எடுக்குறாங்க?

ரெண்டு இடத்துல போகுது. முதல் இடம் ரேட். உலக மார்க்கெட்ல ஒரு காசை வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்கற ரேட்டை மிட் ரேட்னு சொல்வாங்க, நெட்ல தேடினா வர்றது அதுதான். பேங்க் உங்களுக்கு குடுக்குற ரேட் அதவிட கம்மியா இருக்கும், அந்த வித்தியாசம்தான் அவங்க வருமானம், கமிஷன்னு பேர் வைக்கலன்னாலும் அதுவும் கமிஷன்தான். கணக்கு போட்டு பாப்போம், மிட் ரேட் 100-னு வச்சுக்கோங்க, நீங்க 1,000 அனுப்புறீங்க. முதல் பேங்க் கமிஷன் ஜீரோ, ரேட் 97, வீட்டுக்கு 97,000 போகும். இன்னொரு இடத்துல கமிஷன் 8 எடுக்குறாங்க, ரேட் 99.60, அப்போ 992-க்கு கணக்கு போட்டா 98,803 போகும். கமிஷன் வாங்குறவன்கிட்ட 1,803 கூட கிடைக்குது. அதனால ரேட்டையும் கேக்காதீங்க கமிஷனையும் கேக்காதீங்க, "நான் இவ்வளவு குடுத்தா அந்தப் பக்கம் கைக்கு எவ்வளவு போகும்"னு ஒரே கேள்வி கேளுங்க, ஒரே நாள்ல ஒரே நேரத்துல மூணு இடத்துல கேட்டு பாருங்க.

ரெண்டாவது இடம் வழி. ஸ்விஃப்ட்ல பணம் போகுதுன்னு சொல்றோமே, ஸ்விஃப்ட் பணத்தை தூக்கிட்டு போறது இல்ல, 1973-ல பேங்குங்க சேந்து ஆரம்பிச்ச அமைப்பு அது, "இந்த அக்கவுண்டுக்கு இவ்வளவு குடு"ன்னு தகவல் மட்டும் அனுப்பும். உங்க பேங்குக்கும் வீட்டு பேங்குக்கும் நேரடி கணக்கு இல்லன்னா நடுவுல ஒண்ணு ரெண்டு பேங்க் வழியா கைமாறி போகணும், நடுவுல இருக்கறவங்களும் ஆளுக்கு கொஞ்சம் எடுத்துப்பாங்க. போன மாசம் கூட குறைஞ்சதுக்கு இதுதான் காரணமா இருக்கும். ஃபார்ம்ல ஓ.யு.ஆர்., எஸ்.ஹெச்.ஏ., பி.இ.என்.னு மூணு பெட்டி இருக்கே, அத யாரும் பாக்குறதே இல்ல, முதலாவது போட்டா செலவு எல்லாம் உங்களோடது, ரெண்டாவது போட்டா உங்க பேங்க் செலவு உங்களோடது, மத்த பேங்க் செலவு வாங்குறவங்களோடது, மூணாவது போட்டா எல்லாம் வாங்குறவங்க தலையில. ஃபீஸ், தவணைன்னு சரியான தொகை போய் சேரணும்னா ஓ.யு.ஆர். போடுங்க, 20 ரூபா குறைஞ்சதுக்காக தவணை கட்டலன்னு லெட்டர் வந்த குடும்பம் எனக்கு தெரியும்.

நம்பர் டைப் பண்ணும்போதும் கவனம். ஐபான்ல நாட்டோட ரெண்டு எழுத்துக்கு அடுத்து வர்ற ரெண்டு இலக்கம் தப்பு பிடிக்கவே வச்சது, ஒரு இலக்கம் மாறினாலும் சிஸ்டம் அங்கயே நிறுத்திடும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா இங்கெல்லாம் ஐபான் கிடையாது, அந்த பாதுகாப்பும் இல்ல, அதனால புது ஆளுக்கு முதல் தடவை சின்ன தொகை அனுப்பி போய் சேந்துச்சான்னு போன் போட்டு கேட்டுட்டு மீதிய அனுப்புங்க.

கேள்வி: நான் எல்லாமே ஆப்லதான் வச்சிருக்கேன், கார்டு அழகா இருக்கு, ரேட்டும் நல்லா இருக்கு, நாலு வருஷ சேமிப்பும் அதுலதான். ஒரு ஃப்ரெண்டு பயமுறுத்துறான். பயப்படணுமா?

பயப்பட வேண்டாம், ஆனா இன்னைக்கே ஒண்ணு பாத்திடுங்க. அந்த ஆப் கம்பெனிகிட்ட இருக்கறது பேங்க் லைசென்ஸா, இல்ல மின்பணம் வச்சுக்கற லைசென்ஸா? ஆப்ல அடியில சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. பேங்க்னா உங்க டெபாசிட்டுக்கு அரசாங்க ஏற்பாட்டுல இன்சூரன்ஸ் உண்டு, பேங்க் மூழ்கினாலும் ஒரு அளவு வரைக்கும் பணம் திரும்ப வரும். அமெரிக்காவுல ஒரு ஆளுக்கு ஒரு பேங்குக்கு 2,50,000 டாலர், ஐரோப்பிய ஒன்றியத்துல 1,00,000 யூரோ, சிங்கப்பூர்ல 2024 ஏப்ரல்லேருந்து 1,00,000 சிங்கப்பூர் டாலர், முன்ன சொன்ன ஜெர்சி, குர்ன்சி தீவுகள்ல 50,000 பவுண்டு. மின்பண கம்பெனின்னா இந்த இன்சூரன்ஸ் பொதுவா வராது, உங்க பணத்தை தனியா ஒதுக்கி வைக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா கம்பெனி மூழ்கினா அந்த ஒதுக்கி வச்சதை பிரிச்சு குடுக்க மாசக்கணக்குல ஆகலாம், அதுக்கான செலவும் அதுலேருந்தே கழியலாம். ஒரு மாச செலவுக்கு, ஊருக்கு அனுப்ப, டிராவல் பண்ண ஆப் ரொம்ப நல்லது, நானும் வச்சிருக்கேன். நாலு வருஷ சேமிப்பு அங்க இருக்கக் கூடாது.

பேங்க்தான்னாலும் எந்த நாட்டு பேங்க், நீங்க இருக்கற நாட்டுல அது கிளையா தனி கம்பெனியான்னு பாருங்க, இது சும்மா சொல்றது இல்ல. ஐஸ்லாந்து நாட்டு லான்ட்ஸ்பாங்கி பேங்க் ஐஸ்சேவ்னு ஒரு ஆன்லைன் அக்கவுண்டை பிரிட்டன்லயும் நெதர்லாந்துலயும் வித்துச்சு, வட்டி நல்லா குடுத்தாங்க, மூணு லட்சத்துக்கும் மேல ஆளுங்க போட்டாங்க. 2008 அக்டோபர்ல பேங்க் விழுந்துச்சு. அது கிளைங்கறதால அந்த டெபாசிட்டுக்கு பொறுப்பு ஐஸ்லாந்து ஃபண்ட், அந்த குட்டி நாட்டு ஃபண்ட்ல அவ்வளவு பணம் ஏது? பிரிட்டன், நெதர்லாந்து அரசாங்கம் தலையிட்டு தங்களோட மக்களுக்கு குடுத்துட்டு அப்புறம் ஐஸ்லாந்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டினாங்க, 2013 ஜனவரியிலதான் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, அதுவும் ஐஸ்லாந்துக்கு சாதகமா. அரசாங்கம் முன்வராம போயிருந்தா அந்த ஜனங்க கதி என்னன்னு யோசிச்சு பாருங்க. வட்டி அரை சதவீதம் கூட குடுக்குறான்னு போற முன்னாடி, மூழ்கினா எந்த நாட்டு ஃபண்ட் எனக்கு குடுக்கும்னு கேட்டுடுங்க.

கேள்வி: இங்க எல்லாம் செட்டாயிடுச்சு. ஊர்ல இருக்க பழைய அக்கவுண்டை மூடிடலாமா?

புது அக்கவுண்ட்ல ரெண்டு மூணு சம்பளம் வந்து, வாடகை தானா கழிஞ்சு, ஒரு தடவை ஊருக்கு பணம் போய் சேர்ற வரைக்கும் பழசை தொடாதீங்க. அதுக்கப்புறமும் ஒண்ணு மட்டும் வச்சுக்கிட்டு மீதிய மூடுறது நல்லது. ஆனா நீங்க வெளிநாட்டுல இருக்கீங்கன்னு அந்த பேங்குக்கு சொல்லிடணும், சில நாடுகள்ல வெளிநாட்டுல வாழறவங்களுக்கு அக்கவுண்ட் வகையவே மாத்தணும்னு சட்டம் இருக்கு, சொல்லாம விட்டா பின்னாடி சிக்கல்.

எனக்கு நடந்ததை சொல்றேன். போன புதுசுல பழைய சிம்மை ஒரு டப்பாவுல போட்டு வச்சுட்டு ரீசார்ஜ் பண்ண மறந்துட்டேன், நம்பர் கட் ஆயிடுச்சு. ஒருநாள் அவசரமா பழைய அக்கவுண்ட்லேருந்து பணம் எடுக்கணும், பாஸ்வேர்ட் போட்டேன், "உங்கள் கைபேசிக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்"னு வருது, எந்த கைபேசிக்கு? இல்லாத நம்பருக்கு. கஸ்டமர் கேர்ல கேட்டா நம்பர் மாத்த நேர்ல வாங்கன்னு சொன்னாங்க, நேர்ல வர முடியாதுன்னா தூதரகத்துல கையெழுத்து சரிபாத்து பேப்பரை தபால்ல அனுப்புங்கன்னாங்க, அனுப்பினா கையெழுத்து பழைய ரெக்கார்டோட பொருந்தலன்னு திரும்பி வந்துச்சு. ரெண்டு மாசம். என் பணம், என் பேர்ல இருக்கு, ஸ்கிரீன்ல பேலன்ஸ்கூட பாக்க முடியல, ராத்திரி தூக்கம் வராம திரும்ப திரும்ப லாகின் பண்ணி பாத்துகிட்டே இருப்பேன். அதனால அக்கவுண்ட் எடுக்கற அன்னைக்கே கேளுங்க, போன் தொலைஞ்சா, நம்பர் மாறினா, நான் வேற நாட்டுல இருந்தா எப்படி உள்ள வர்றது? வெளிநாட்டு நம்பரை ரெஜிஸ்டர் பண்ண விடுற பேங்க், இல்ல ஓடிபி இல்லாம ஆப்லயே ஓகே குடுக்குற பேங்க், இந்த ரெண்டுல ஒண்ணு இல்லன்னா வட்டி எவ்வளவு குடுத்தாலும் எனக்கு வேண்டாம். பழைய சிம்மை ரோமிங்ல உயிரோட வைங்க, ரீசார்ஜ் தேதிய காலண்டர்ல போடுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சின்னதா ஒரு பணப்பரிமாற்றம் பண்ணுங்க, இல்லன்னா டார்மன்ட்னு தூங்க வச்சுடுவாங்க.

கேள்வி: அக்கவுண்ட் ஃபார்ம்ல வேற எந்த நாட்டுல டாக்ஸ் கட்டுறீங்க, டாக்ஸ் நம்பர் என்னன்னு எல்லாம் கேக்குறாங்க. என்னை சந்தேகப்படுறாங்களா?

எல்லார்கிட்டயும் கேக்குறதுதாங்க. 2014-ல ஓ.இ.சி.டி.ங்கற நாடுகள் கூட்டமைப்பு கொண்டுவந்த சி.ஆர்.எஸ்.ங்கற ஏற்பாட்டுல நூறு நாட்டுக்கு மேல சேந்திருக்கு, 2017-லேருந்து ஒரு நாட்டு பேங்க்ல இருக்க வெளிநாட்டுக்காரங்க கணக்கு விவரம் தானாவே அவங்க டாக்ஸ் கட்டுற நாட்டுக்கு போகுது. உண்மைய எழுதுங்க, அவ்வளவுதான். அமெரிக்க குடிமக்கள்னா ஃபாட்கா தனி, அவங்க கணக்கு விவரத்தை வெளிநாட்டு பேங்க் அமெரிக்காவுக்கு சொல்லணும்னு 2010-ல வந்த சட்டம், அதுக்கு பயந்தே சில வெளிநாட்டு பேங்க் அமெரிக்கர்களுக்கு அக்கவுண்ட் குடுக்காது. இதே மாதிரி அமெரிக்காவுல டாக்ஸ் ரெசிடென்ட்டா இருக்கற வெளிநாட்டவங்க, உங்க ஊர் அக்கவுண்ட் எல்லாத்தையும் கூட்டினா வருஷத்துல ஒரே ஒரு நாள் 10,000 டாலரை தாண்டினாலும் எஃப்பார்னு ஒரு ஃபார்ம் ஃபைல் பண்ணணும். அதுக்கு டாக்ஸ் எதுவும் கிடையாது, தகவல் மட்டும்தான், ஆனா விட்டா அபராதம் பயங்கரம்.

கேள்வி: காண்ட்ராக்ட் முடியுது, கிளம்பறேன். அக்கவுண்டை என்ன பண்ண?

கிளம்பற வாரமே மூடிடாதீங்க. கடைசி சம்பளம், வீட்டு அட்வான்ஸ், டாக்ஸ் ரீஃபண்ட் எல்லாம் நீங்க போன பிறகுதான் வரும். கிரெடிட் கார்டு பாக்கிய முழுசா கட்டி பாக்கி இல்லன்னு கடிதம் வாங்குங்க, கடைசி சில வருஷ ஸ்டேட்மென்டை டவுன்லோட் பண்ணி வைங்க, எல்லாம் வந்து சேந்ததும் வெளிநாட்டுலேருந்தே மூட முடியுமான்னு இப்பவே எழுத்துல கேட்டுக்கோங்க.

கேள்வி: அக்கா, கல்யாணம் ஆகி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு வேலை பாக்குற விசா இல்ல. எல்லாம் அவர் அக்கவுண்ட்லதான், அவர் கார்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. எனக்குன்னு தனியா வேணுமா? கேட்டா அவர் தப்பா நினைப்பாரோன்னு இருக்கு.

வேணும்மா, கண்டிப்பா வேணும். உங்க வீட்டுக்காரர் மேல நம்பிக்கை இல்லாம சொல்லல, அவர் நல்லவராவே இருக்கட்டும். அக்கவுண்ட்காரர் இறந்துட்டார்னு தகவல் போனா பேங்க் அந்த அக்கவுண்டை நிறுத்திடும், வாரிசு பேப்பர் வர்ற வரைக்கும் தொட முடியாது, சில நாடுகள்ல ஜாயின்ட் அக்கவுண்டையும்கூட அப்படி நிறுத்தி வைக்கிறாங்க, உங்க கையில இருக்கற அந்த கார்டும் அன்னைக்கே வேலை செய்யாது. ஆஸ்பத்திரி, டிக்கெட், வாடகைன்னு எல்லா செலவும் அதே வாரத்துலதான் வரும். அந்நிய ஊர்ல பர்ஸ்ல காசு இல்லாம நின்ன ஒரு பொண்ணு பக்கத்துல நான் உக்காந்திருக்கேன், அவங்க ஃப்ளாட்ல இருந்தவங்கதான் சேத்து குடுத்து டிக்கெட் எடுத்தோம், அவங்க வீட்டுக்காரர் அக்கவுண்ட்ல தேவைக்கு மேலயே பணம் இருந்துச்சு.

வேலை விசா இல்லன்னாலும் டிபென்டன்ட் விசாவோட அக்கவுண்ட் எடுக்க பல நாடுகள்ல விடுவாங்க, சம்பளம் கேக்காத சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட்னு கேளுங்க. உங்க பாஸ்போர்ட், விசா, கல்யாண சர்டிஃபிகேட், அவரோட சம்பள லெட்டர், வாடகை அக்ரிமென்ட்ல உங்க பேரும் இருந்தா அது, இல்லன்னா உங்க பேர்ல வர்ற ஒரு பில். கரண்ட் பில்லையோ போன் பில்லையோ இந்த மாசமே உங்க பேருக்கு மாத்துங்க. அவர்கிட்ட பயந்து பயந்து கேக்க வேண்டாம், இந்த பக்கத்தை அவர்கிட்ட குடுத்து படிக்கச் சொல்லுங்க, படிச்சதும் அவரே கூட வருவார். மூணு மாச செலவு அளவுக்கு அதுல பணம் போட்டு வைங்க, ரெஜிஸ்டர் பண்ற நம்பர் உங்க போன் நம்பரா இருக்கட்டும், அவரோடது இல்ல.